யார் வாங்கிக் கொடுத்த கடிகாரம்?

பழைய கைக்கடிகாரங்களைத் தேடிப் பிடித்து வாங்கிக் கட்டிக்கொள்ளும் மோகம் ஒன்று நம்மவர்களிடையே பரவி வருகிறது. ஒரு காலத்தில் தபால்தலை சேர்த்தார்கள். எங்கள் புதுக்கோட்டைச் சீமையில் சமஸ்தானத்து அம்மன் காசைத் தேடித் தேடிச் சேர்த்தவர்கள் உண்டு. இப்போது கடிகாரத்தின் முறை. இதில் எனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை. ஒருவர் தம் சொந்தக் காசில் தம் சொந்த மணிக்கட்டில் எதைக் கட்டிக்கொண்டால் எனக்கு என்ன? ஆனால் அந்த மோகத்துக்கு அவர்கள் சொல்லுகிற காரணம் இருக்கிறதே, அதோடுதான் என் சண்டை.

"இது வெறும் மணி பார்க்கிற யந்திரம் இல்லை, சார். இதற்குள்ளே ஒரு ரகசியச் சரித்திரம் இருக்கிறது!" என்கிறார்கள். சொல்லும்போது குரல் தாழ்ந்து போகிறது, கண் மினுங்குகிறது. கர்ப்பக்கிருகத்துக்குள் அழைத்துப் போகிற குருக்களைப் போல, கடிகாரத்தின் முதுகு மூடியைத் திறந்து காட்டுகிறார்கள்.

சரித்திரம் இருப்பது வாஸ்தவம். ஆனால் அதைக் கேட்பதற்கு இவர்களில் எத்தனை பேருக்குத் தைரியம் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

அந்தக் கடிகாரங்களின் அழகை நான் மறுக்கிறவன் இல்லை. காலையில் பல் துலக்கியதும் சாவி கொடுக்க வேண்டும். கொடுத்தால் ஓடும், மறந்தால் நின்றுவிடும். மின்சாரமும் கிடையாது, பாட்டரியும் கிடையாது. தலைமுடி போன்ற ஒரு சுருள்வில் சுருங்கி விரிவதிலேதான் அதன் உயிர் இருக்கிறது. அந்தக் காலத்துக் கைக்கடிகாரங்கள் பெரும்பாலும் மணிக்கு 18,000 முறை துடிக்கும். ஒரு நாளைக்கு நாலு லட்சத்து முப்பத்திரண்டாயிரம் துடிப்பு! கீழ ராஜ வீதியில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால், கண்ணிலே லென்ஸைப் பொருத்திக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருக்கும் ரிப்பேர்க்காரரைக் கேட்டுப் பாருங்கள். மூடியின் உட்புறத்தில், பழுது பார்த்தவர்கள் ஊசிமுனையால் பொடி எழுத்தில் கீறி வைத்திருக்கும் தேதிகளையும் குறிகளையும் காட்டுவார். ஒரு கடிகாரம் எத்தனை கை பார்த்தது என்பதற்கு அதுதான் சாட்சி. இதையெல்லாம் பார்த்து ஒரு மனிதன் மனசைப் பறிகொடுத்தால், அவனை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் நம் ரசிகர்களுக்கு இந்த உண்மையான கீறல்கள் போதவில்லை. அவர்களுக்கு வேண்டியது கதை. அதிலும் அந்தஸ்துள்ள கதை.

அமெரிக்காவில் பால் நியூமன் என்று ஒரு சினிமா நடிகர் இருந்தார். அவர் கட்டிய ரோலெக்ஸ் கடிகாரம் ஒன்று 2017-ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தது. ஒரு கோடியே எழுபத்தேழு லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. அவ்வளவு விலை எதற்காக? கார் ஓட்டப் பந்தயத்தில் பைத்தியமாக இருந்த அந்த நடிகருக்கு, அவர் மனைவி ஜோன் உட்வர்ட், 'ஜாக்கிரதையாக ஓட்டுங்கள்' என்ற பொருளில் மூன்று வார்த்தைகளைக் கடிகாரத்தின் முதுகில் பொறித்துப் பரிசளித்திருந்தார். யந்திரத்துக்கு ஒரு விலை இருந்தது. மிச்சக் கோடிகள் அந்த மூன்று வார்த்தைகளுக்கும் கட்டியவரின் பேருக்கும் கொடுத்தவை. ஒரு மனைவி மனம் உவந்து கொடுத்தாள். கொடுத்ததை எழுதியும் வைத்தாள். ஆகவே அந்தச் சரித்திரத்தில் ஒளித்து வைப்பதற்கு ஒன்றும் இல்லை.

இது நம் ஊர்க் காதில் விழுந்ததும் என்ன ஆயிற்று? எல்லாக் கடிகாரத்துக்கும் ஒரு கதை கட்டாயம் என்று ஆகிவிட்டது. 'பர்மா யுத்தத்தில் ஒரு சிப்பாய் கட்டியிருந்தது', 'ஒரு ஜமீன்தார் குதிரைப் பந்தயத்தில் தோற்றது' என்று விற்கிறவன் அளக்கிறான்; வாங்குகிறவன் உருகுகிறான். கூடவே இன்னொரு விபரீதமும் நடக்கிறது. கதை பழையதாக இருக்க வேண்டும். கடிகாரத்தின் முகம் மட்டும் புதிதாக மின்ன வேண்டும்! அதற்கென்றே பம்பாயில் பட்டறைகள் இருக்கின்றன. பழைய டயலைச் சுரண்டி, கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சோ பச்சையோ பூசி, பிரபலமான பெயர் ஒன்றை அச்சடித்து, ஒன்றன் முள்ளையும் மற்றொன்றன் கூட்டையும் சேர்த்துப் பூட்டி அனுப்பிவிடுகிறார்கள். விஷயம் தெரிந்த ரசிகர்களே அதற்குப் 'பம்பாய் ஸ்பெஷல்' என்று பரிகாசமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். டயலுக்கு ஒரு பூச்சு. சரித்திரத்துக்கும் ஒரு பூச்சு.

போலிச் சரித்திரத்தை விற்கிறவன் மோசடிக்காரன். அவனைப் பற்றி எழுத ஒரு நாவலாசிரியன் தேவையில்லை, போலீஸ்காரர் போதும். என் வழக்கு, கண்ணெதிரே இருக்கிற அசல் சரித்திரத்தைச் சரித்திரம் என்றே ஒப்புக்கொள்ளாத நல்லவர்கள் மேல்.

புதுக்கோட்டையில் எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் இருக்கிறார். பாங்கில் உத்தியோகம். நல்ல படிப்பு, நல்ல சுபாவம். நாற்பது கடிகாரம் சேர்த்து வைத்திருக்கிறார். ஒரு மாலை அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். வெஸ்ட் எண்ட் கம்பெனியின் 'சோவார்' கடிகாரம் ஒன்று இருந்தது. 'சோவார்' என்றால் குதிரைப்படைச் சிப்பாய். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு, அதைக் கட்டியிருக்கக்கூடிய சிப்பாய் எந்தெந்தப் பாலைவனத்தில் சண்டை போட்டிருப்பான் என்று அரைமணி நேரம் வர்ணித்தார். பெட்டியின் ஓரத்தில் தோல் வார் இற்றுப்போன பேவர் லூபா கடிகாரம் ஒன்று கிடந்தது. 1865 முதலே இந்தியாவில் வியாபாரம் செய்த ஸ்விட்ஸர்லாந்துக் கம்பெனி அது. "இது?" என்றேன்.

"அது எங்க தாத்தாவுது, சார். அதுக்குக் கதை ஒண்ணும் கிடையாது" என்றார்.

தாழ்வாரத்தில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவருடைய அப்பத்தா தலையை நிமிர்த்தினார். எண்பது வயசு இருக்கும்.

"ஏன் தம்பி கதை கிடையாது?" என்றார் என்னைப் பார்த்து. "எங் கல்யாணத்துக்கு மொத நாளு, மாப்பிள்ளைக்கு வாட்ச் போடலேன்னு அவுக வீட்டுல மொகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டாக. எங்கய்யா ராவோட ராவா கெணத்து வயலை ஒத்தி வச்சு, திருச்சிக்கு ஆள் அனுப்பி வாங்கியாந்தாரு. வயலை மீட்கவே முடியலை. எந் தம்பி படிப்பை நிறுத்திட்டு மாடு மேய்க்கப் போனான். நீங்க என்னமோ கதை கிடையாதுங்கிறீக."

கல்யாணம் நடந்தது 1963-இல்.

பேரன் சற்றுக் கூச்சத்தோடு சிரித்தார். "அதெல்லாம் அந்தக் காலத்து வழக்கம், அப்பத்தா" என்றார்.

கவனியுங்கள். முகம் தெரியாத குதிரைப்படைச் சிப்பாயின் கற்பனைப் பாலைவனம் சரித்திரம். சொந்த அப்பத்தாவின் கிணற்று வயல் வழக்கம்! ஒன்றுக்கு வெல்வெட்டுப் பெட்டி. மற்றொன்றுக்கு ஒரு சிரிப்பு. இந்த நியாயத்தைத்தான் நான் எதிர்க்கிறேன்.

நம் நடுத்தரக் குடும்பங்களின் அலமாரிகளில் கிடக்கும் பழைய கடிகாரங்களை எடுத்து, அவை வந்த வழியைக் கேட்டுப் பாருங்கள். சிலது முதல் சம்பளத்தில் வாங்கியது. சிலது சிங்கப்பூரிலிருந்தோ ரங்கூனிலிருந்தோ வந்த உறவினர் கொடுத்தது. மிச்சத்தில் பெரும்பகுதி கல்யாணக் கடிகாரம். மாப்பிள்ளைக்கு மோதிரம், கடிகாரம், சைக்கிள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவார்களே, அந்த ஜாபிதாவின் இரண்டாவது வரி. ஊர் கூடியிருக்க, மாமனார் மருமகனின் மணிக்கட்டில் அதைக் கட்டுவார். போட்டோவில் மாப்பிள்ளை இடது கையைச் சற்று முன்னால் நீட்டியபடி நிற்பார். அந்தக் கை எதைக் காட்டுகிறது என்று வீட்டுச் சுவரில் தொங்கும் படத்தை இன்றைக்குப் பாருங்கள்.

1961-ஆம் வருஷத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஜப்பானின் சிட்டிஸன் கம்பெனியின் ஒத்துழைப்போடு, எச்.எம்.டி. என்ற அரசாங்க ஸ்தாபனம் பெங்களூரில் கடிகாரத் தொழிற்சாலை தொடங்கிற்று. 'ஜனதா' என்று பெயர் வைத்துப் பொது ஜனங்களின் மணிக்கட்டுக்குக் கடிகாரத்தைக் கொண்டு வந்தது. அதே வருஷம் மே மாதத்தில், மக்களவையும் மாநிலங்களவையும் ஒத்துப் போகாததால், சரித்திரத்திலேயே முதல் முறையாக இரண்டு சபைகளும் ஒன்றாகக் கூடி ஒரு மசோதாவை விவாதித்து நிறைவேற்றின. அதுதான் வரதட்சிணைத் தடைச் சட்டம். ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்தது. அரசாங்கம் ஒரு கையால் கடிகாரம் செய்தது; மறு கையால், அதைக் கேட்டு வாங்காதே என்று சட்டம் செய்தது. கடிகாரம் ஓடிற்று. சட்டம் நின்றுவிட்டது.

நிற்காமல் என்ன செய்யும்? கல்யாணத்துக்குப் பிரதியாகக் கொடுக்கப்பட்டாலொழிய, பணமோ நகையோ துணியோ வேறு பொருளோ பரிசாகக் கொடுப்பது வரதட்சிணை ஆகாது என்று அந்தச் சட்டத்திலேயே ஒரு விளக்கம் சேர்த்திருந்தார்கள். அந்தத் திட்டி வாசல் வழியாக மோதிரமும் கடிகாரமும் சைக்கிளும் தாராளமாக நடந்து போயின. 1984-இல் திருத்தம் கொண்டுவந்துதான் அந்த விளக்கத்தை எடுத்தார்கள். நான் சொன்ன அப்பத்தாவின் கல்யாணத்தின்போது சட்டத்துக்கு இரண்டு வயசு. மணப்பெண்ணின் தகப்பனாருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் மட்டும், முகூர்த்தத்துக்கு முந்தின இரவு அவர் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போவார்?

"ஏன் ஐயா, ஒரு பொழுதுபோக்கைக்கூட நிம்மதியாக அனுபவிக்க விடமாட்டீரா? கடிகாரத்துக்கும் பெண்ணின் கண்ணீருக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள்.

சம்பந்தத்தை நானாக உண்டாக்கவில்லை. கைக்கடிகாரத்தின் பூர்விகத்தையே பாருங்கள். ஐரோப்பாவில் முதலில் அதைக் கட்டியவர்கள் பெண்கள்தான். அது வளையலோடு சேர்ந்த ஓர் ஆபரணம். ஆண்கள் சட்டைப்பையில் சங்கிலி கோத்த கடிகாரம் வைத்திருந்தார்கள். மணிக்கட்டில் கட்டுவதைப் பெண்பிள்ளைச் சமாசாரம் என்று கேலி செய்தார்கள். 1914-இல் மூண்ட முதல் உலக யுத்தத்தில், பதுங்கு குழியில் துப்பாக்கியும் கையுமாக நிற்கிறவனுக்குப் பையைத் துழாவ நேரம் இல்லை என்றானபோது, கேலி செய்த ஆண்களே அதை எடுத்துக் கட்டிக்கொண்டார்கள். பெண்ணின் கையிலிருந்து ஆணின் கைக்குப் போன பொருள் அது.

இருட்டில் மணி தெரிவதற்காக டயலில் ரேடியம் கலந்த பூச்சைத் தீட்டினார்கள். நம் ஊரில் இன்றைக்கும் இருட்டில் மினுங்குகிற எதையும் 'ரேடியம்' என்கிறோமே, அந்தப் பேச்சு இங்கிருந்துதான் வந்தது. அதைத் தீட்டியவர்கள் யார்? அமெரிக்காவில், நியூ ஜெர்ஸியின் ஆரஞ்சு நகரத்தில், 1917 முதல் அந்த வேலைக்குச் சேர்ந்தவர்கள் இளம்பெண்கள். தூரிகையின் முனை கூராக இருக்க, அதை உதட்டில் வைத்துக் கூர்ப்படுத்தச் சொல்லிக் கொடுத்தார்கள். கெடுதல் ஒன்றும் இல்லை என்றார்கள். பல் விழுந்தது, தாடை எலும்பு அரித்துப் போயிற்று, ஒருவர் பின் ஒருவராகச் செத்தார்கள். ஐந்து பெண்கள் சாகக் கிடந்த நிலையிலும் வழக்காடி 1928-இல் நஷ்ட ஈட்டுக்கு ஒப்பந்தம் பெற்றார்கள். ரேடியத்தின் வீரியம் பாதியாகக் குறையச் சுமார் 1,600 வருஷம் ஆகும். ஒளி மங்கிப்போன பழைய டயலிலும் அது இருக்கிறது. அப்படிப்பட்ட டயலைத் திறந்து சுரண்டாதீர்கள் என்று சொல்வது என் கடமை. சுரண்டினால் துகள் சுவாசத்தில் ஏறும்.

ஆக, பழைய கடிகாரத்துக்குள் ஒளிந்திருக்கும் சரித்திரத்தைத் தேடிக்கொண்டு போனால், அங்கேயும் ஒரு பெண் நிற்கிறாள். இங்கேயும் ஒரு பெண் நிற்கிறாள். இவர்கள் இரண்டு பேரையும் தாண்டிக்கொண்டு சிப்பாயையும் ஜமீன்தாரையும் தேடிப் போகிறவரை, சரித்திரப் பிரியர் என்று நான் எப்படிச் சொல்வேன்?

மகாத்மா காந்தியின் ஜெனித் பைக் கடிகாரத்தின் கதை பலருக்கும் தெரிந்ததே. 1947-இல் ரயில் பயணத்தின்போது அது திருட்டுப் போயிற்று. சில மாதங்கள் கழித்து, எடுத்தவனே மனசு கேட்காமல் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டான். 2009-இல் அந்தக் கடிகாரமும், அவருடைய மூக்குக்கண்ணாடியும் செருப்பும் கிண்ணமும் தட்டும் சேர்ந்து, நியூயார்க்கில் 18 லட்சம் டாலருக்கு ஏலம் போயின. எனக்கு அந்த 18 லட்சத்தில் சுவாரசியம் இல்லை, அந்தத் திருடனிடத்தில்தான். ஒரு திருடனுக்குக்கூட மனசாட்சி உறுத்தி, கடிகாரம் உடையவரிடம் திரும்பிப் போயிற்று. வயலை ஒத்தி வைத்துக் கட்டிய கடிகாரத்தை எந்த மாப்பிள்ளையாவது மாமனாரிடம் திருப்பிக் கொடுத்ததாக நீங்கள் கேள்விப்பட்டது உண்டா?

"இப்போதெல்லாம் யார் கடிகாரம் கேட்கிறார்கள்?" என்று இன்னொரு சமாதானம் வரும். வாஸ்தவம், கேட்பதில்லை. எச்.எம்.டி. கடிகாரக் கம்பெனியை மூடிவிடுவது என்று 2016-இல் மத்திய அரசே முடிவு செய்துவிட்டது. மணி பார்க்கக் கைபேசி போதும். ஆனால் கேட்கிற வாய் மூடிவிட்டதா? கடிகாரம் போய் மோட்டார் சைக்கிள் வந்தது. மோட்டார் சைக்கிள் போய்க் கார் வந்தது. பவுன் கணக்கு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. கடிகாரத்தின் மேல் இப்போது நமக்கு இவ்வளவு பிரியம் சுரக்கிறதே, அதற்கு ஒரு காரணம், மாப்பிள்ளையின் விலை அதைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது என்பதுதான். இன்னும் ஐம்பது வருஷம் கழித்து, இன்றைய கல்யாணக் கார் ஒன்றைத் துடைத்து மெருகேற்றி நிறுத்திக்கொண்டு, "இதற்குள்ளே ஒரு சரித்திரம் இருக்கிறது, சார்" என்று ஒரு பேரன் சொல்லப்போகிறான்.

பழம் பொருளை நாம் அந்தப் பொருளின் பழைய அர்த்தத்தோடேதான் வைத்திருக்க வேண்டும் என்ற விதி இல்லை. அதற்கு வெளியூர் உதாரணம் வேண்டாம். இந்த மாவட்டமே சாட்சி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-இல் பிறந்த ஊர் இது. ஜாபிதாவில் கடிகாரத்துக்கு அடுத்த வரி சைக்கிள் என்றேன் அல்லவா? அது மாப்பிள்ளையின் வாகனம். பெண் பின்னால் உட்காருகிறவள். 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த அந்த நாட்களில், எழுத்துக் கற்க வந்த கிராமத்துப் பெண்கள் சைக்கிளையும் கற்றார்கள். கல்குவாரியில் வேலை செய்தவர்களும் களையெடுத்தவர்களும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார்கள். கேலி பேசினவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். இவர்கள் மிதித்துக்கொண்டே போனார்கள். பல்லாயிரக் கணக்கான பெண்கள் இரண்டே வருஷத்துக்குள் சைக்கிள் கற்றது தேசத்துக்கே செய்தியாயிற்று. மாப்பிள்ளைக்குப் போன சைக்கிளைப் பெண் தன்னுடையதாக்கிக்கொண்டாள். கடிகாரத்துக்கு மட்டும் அந்தப் பாக்கியம் ஏன் வரக்கூடாது?

ஆகவே நான் சொல்வது இதுதான். பழைய கடிகாரத்தைச் சேருங்கள், கட்டிக்கொள்ளுங்கள். டயலுக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள். ரிப்பேர்க்காரருக்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். ஏலக் கடைக்குப் போவதற்கு முன்னால் உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். "இதை யார் வாங்கிக் கொடுத்தது? எதை விற்று?" என்று பாட்டியிடம் கேளுங்கள். பாட்டி இருக்கும்போதே கேளுங்கள். அவள் சொல்வதை, கொடுத்தவரின் பேரோடும் ஊரோடும் ஒரு சீட்டில் எழுதிக் கடிகாரப் பெட்டிக்குள் வையுங்கள். பிறகு அதை உங்கள் மகள் கையில் கட்டுங்கள். அந்த வயலுக்கு வாரிசு அவள்தான்.

கடைசியாக ஒரு விஷயம். கடிகாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில் நம் சட்டம் வெகு கண்டிப்பானது. 1962-ஆம் வருஷத்துச் சுங்கச் சட்டத்தின் 123-ஆவது பிரிவு, தங்கத்தையும் கடிகாரத்தையும் பேர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கடத்தல் சரக்கு என்று நியாயமாகச் சந்தேகித்துப் பிடித்துவிட்டால், கடத்தல் இல்லை என்று நிரூபிக்கிற பாரம் வைத்திருப்பவர் தலையில். அரசாங்கத்துக்கு வர வேண்டிய வரிக்கு அவ்வளவு காவல்! பெண்ணைப் பெற்றவருக்கும் ஒரு சிறு காவல் உண்டு. 1985-இல் வந்த விதிகளின்படி, கல்யாணத்தில் மணமகனுக்கும் மணமகளுக்கும் வரும் பரிசுகளைத் தனித்தனிப் பட்டியலாக எழுத வேண்டும். பொருள் என்ன, மதிப்பு என்ன, கொடுத்தவர் யார், என்ன உறவு என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். எத்தனை கல்யாண வீட்டில் அந்தக் காகிதத்தைப் பார்த்திருக்கிறீர்கள்? பழைய கடிகாரம் வாங்கும்போது, அது கைமாறி வந்த வழிக்குப் பத்திரம் உண்டா என்று துருவித் துருவிக் கேட்கிறவர்கள், சொந்த மகனின் கல்யாணத்தில் அந்தப் பத்திரத்தை ஏன் எழுதுவதில்லை?

உங்கள் வீட்டில் அடுத்த கல்யாணம் வரும்போது எழுதுங்கள். எந்தப் பொருளை எழுதக் கை கூசுகிறதோ, அந்தப் பொருளை வாங்காதீர்கள். ஐம்பது வருஷம் கழித்து உங்கள் பேரனுக்கு அலமாரியில் ரகசியச் சரித்திரம் எதுவும் அகப்படாது. அகப்படாமலே போகட்டும்.